நிலா முகம்

குமாசி நகரத்துக் கெஜேடியா சந்தையில்
புகைமீன் விற்கும் அஃப்ரியே
மூன்று மாதமாகக் குந்தி எழுகிறாள்.
அதற்கு முன் நான்கு வருடம்
கூடையைத் தூக்கிவிட ஓர் ஆள்,
அவளைத் தூக்கிவிட இன்னோர் ஆள்.

போன சனிக்கிழமை, யாரோ ஒருவரின் இறுதிச்சடங்கில்
கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஆடினாளாம்.
முகம் உருண்டு திரண்டிருந்தது.
“வியாபாரம் செழிக்குது போல” என்றார்கள்.
“நிலாவேதான்” என்றான் கறிக்கடைக்காரன்.

எல்லாம் ஒரு புட்டி செய்த வேலை.
மாம்போங் போகும் டிராட்ரோ வண்டியில்
ஒலிபெருக்கியோடு ஏறியவன் விற்றது.
முதலில் ஜெபம் சொன்னான்,
பிறகு மூலம், முட்டிவலி, மலட்டுத்தனம்.
கடன் மட்டும்தான் அவன் பட்டியலில் இல்லை.
ஒட்டிய சீட்டில் வேப்பம்பட்டை, இஞ்சி, பிரெகெசே;
அடியில் பச்சை எழுத்து:
முழுக்க இயற்கை. பக்கவிளைவு அறவே இல்லை.

பதிவு எண்கூட இருந்தது.
ஏட்டில் தேடினேன். எண் பொய்யில்லை.
மூடிப்போன கம்பெனி ஒன்றின்
இருமல் மருந்துக்கு என்றோ கொடுத்தது.
செத்தவன் பேரில் விழுந்த ஓட்டு.

என் வேலை கரைப்பது, வடிகட்டுவது,
ஒரு துளியை இயந்திரத்துக்குள் விட்டுவிட்டுக் காத்திருப்பது.
மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து.
இஞ்சி தன் இடத்தில் வந்து போனது.
பதினோராம் நிமிடம்
யாரும் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முகடு,
தேவாலயக் கோபுரம்போல் நெட்டுக்குத்தாக,
வெட்கமே இல்லாமல்.
ஸ்டீராய்டு.
இன்னொரு முறை ஓட்டினேன். அதே கோபுரம்.

தழை என்றாலே முகம் சுளிக்கிறவள் இல்லை நான்.
இதே மேசையில் நிபிமா வேரின் கசப்பைப்
பிரித்து எடுத்திருக்கிறேன்,
காய்ச்சல் பயப்படும் கசப்பு. அதற்கும் அளவு உண்டு.
வேரோடு எனக்கு வழக்கில்லை.
வேரின் பேரைத் திருடியவனோடுதான்.

அறிக்கை எழுதினேன். போவாக்யே கையெழுத்திட்டார்.
வேன் போனது, அட்டைப்பெட்டிகள் வந்தன,
ஒலிபெருக்கி மட்டும் அகப்படவில்லை.
வானொலியில் மூன்று மொழியில் சொன்னார்கள்:
வைத்திருப்பவர்கள் உடனே கொட்டிவிடுங்கள்.

அந்த ‘உடனே’ என்னைத் தூங்கவிடவில்லை.
மாதக்கணக்கில் ஓசிச் சோறு வந்தால்
உடம்பு தன் அடுப்பை அணைத்துவிடும்.
சட்டென்று நிறுத்தினால்
உலையும் இல்லை, ஓசியும் இல்லை,
ஆளே சரிந்துவிடலாம்.

சந்தைக்குப் போனேன். “கொட்டிவிடாதே” என்றேன்.
“விஷம் என்று ரேடியோவில் சொன்னீர்களே?”
“விஷமில்லை. பேரை மறைத்த மருந்து.”
“அப்படியென்றால் குடிக்கலாமா?”
“கூடாது.”
“கொட்டலாமா?”
“கூடாது.”
அவள் தக்காளிக்காரியைக் கூப்பிட்டாள்:
“இங்கே வா, அரசாங்கம் வந்திருக்கு. என்ன சொல்லுது கேள்.”

சிரித்து முடித்தபின் கூட வந்தாள்,
புட்டியை மீன் மடிக்கும் தாளில் சுற்றிக்கொண்டு.
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர்,
மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்.
குறிப்பேட்டில் எழுதினார்: நிலா முகம்.
கறிக்கடைக்காரன் சொன்ன அதே உவமை.
அங்கே அது நோய்க்குறி.

திரும்பும் வழியில் கேட்டாள்:
“வலி போனது பொய்யா?”
“மெய்தான்.”
எங்கள் படிவம் எதிலும்
அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

“என்னை ஆடவைத்தது எது?
பேராவது தெரியட்டும்.”
மீன்தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.
டெக்ஸா என்று தொடங்கி
மூன்றாம் எழுத்தில் தடுக்கி, மறுபடி தொடங்கி,
தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.
“மரத்தின் பேர் மாதிரியே இல்லையே” என்றாள்.